காணவில்லை புகாரும் 377ஆம் பிரிவும்

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரையில் ‘பெண் காணவில்லை’ என்று இரண்டு புகார்கள் பதிவாயின. காணாமல் போன இருவருமே பதினெட்டு வயது கடந்தவர்கள். உண்மையில் அவர்கள் காணாமல் போகவில்லை. ஒருவரையொருவர் நேசித்தார்கள், வீட்டில் எதிர்ப்பு முற்றியது, சென்னைக்கு வந்து தொண்டு நிறுவனத்தாரின் துணையோடு தங்கியிருந்தார்கள். புகாரைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ் அங்கேயும் விசாரிக்க வந்தது. பாதுகாப்புக் கேட்டு இருவரும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இதற்கு இரண்டரை ஆண்டுகள் முன்பே, 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்த இருவரின் சம்மதத்தோடு நடக்கும் தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் வானவில் கொடி பறந்தது. குற்றமே இல்லாத இடத்தில் போலீசுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பாலியல்பு பற்றிய நம் சட்டச் சிந்தனை எங்கே நிறைய உழைத்தது, எங்கே பார்க்கத் தவறியது என்பது தெரிய வரும்.

உழைப்பில் பெரும்பகுதி 377 என்ற எண்ணுக்குத்தான் போயிற்று. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862 முதல் நடப்புக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில், இயற்கையின் ஒழுங்குக்கு முரணான உடலுறவுக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்கலாம் என்றது அந்தப் பிரிவு. எது இயற்கை, எது முரண் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஒன்றரை நூற்றாண்டாக நீதிபதிகளே இட்டு நிரப்பினார்கள். 1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைப் பாருங்கள். பெண் உடையில் பாடிக்கொண்டிருந்தவரைப் பிடித்து, மருத்துவச் சோதனை செய்து, கீழ் நீதிமன்றம் தண்டித்தது. எப்போது, எங்கே, யாரோடு என்ற எந்தச் சான்றும் இல்லை என்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதாவது செயலைத் தண்டிக்க எழுதிய பிரிவை, ஆளைத் தண்டிக்கப் பயன்படுத்தினார்கள். 377இன் முழுக் கதையும் அந்த ஒரு வழக்கில் அடங்கியிருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் சட்ட ஆணையத்தின் மனமாற்றமும் சுவையானது. 1971இல் தந்த 42ஆவது அறிக்கையில் பிரிவு இருக்கட்டும் என்றது. 2000இல் தந்த 172ஆவது அறிக்கையில் நீக்கிவிடலாம் என்றது. இடைப்பட்ட காலத்திலும் அதையொட்டியும் வேலை நடந்தது பல்கலைக்கழகங்களில் அல்ல, தெருவில். எய்ட்ஸ் பரவிய காலத்தில் ஏ.பி.வி.ஏ. என்ற சிறு குழு 1991இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. திகார் சிறையில் ஆணுறை வழங்க மறுக்கப்பட்டதை ஒட்டி 1994இல் 377ஐ எதிர்த்து முதல் வழக்கைப் போட்டதும் அதே குழுதான். பி.யு.சி.எல். என்ற குடிமை உரிமை அமைப்பின் கர்நாடகக் கிளை 2001இலும் 2003இலும் போலீஸ் அத்துமீறல்களை ஆவணப்படுத்தியது. நம் நாட்டில் இத்துறையின் ‘ஆய்வு நூல்கள்’ என்று சொல்லத் தக்கவை இப்படிப்பட்ட உண்மை அறியும் அறிக்கைகளே. சட்டக் கல்லூரிப் பேராசிரியர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

2001இல் நாஸ் அறக்கட்டளை டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் ஒரு வேடிக்கை. மத்திய அரசின் உள்துறை அமைச்சகம் பிரிவைக் காப்பாற்ற வாதாடியது. அதே அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போ, இந்தப் பிரிவு நோய்த் தடுப்புக்கு இடைஞ்சல் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தது. 2009 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ.பி.ஷாவும் எஸ்.முரளிதரும் வழங்கிய தீர்ப்பு ஆய்வுலகை நேரடியாக எடுத்தாண்டது. வழக்குகளே பதிவாகாத சட்டம் எப்படித் தீங்கு செய்யும் என்ற கேள்விக்கு, தென்னாப்பிரிக்காவில் ரயன் குட்மன் செய்த ஆய்வைத் துணைக்கு அழைத்தார்கள். ஏட்டில் தூங்கும் சட்டமும் மனிதரைத் தம் நிழலுக்கே அஞ்ச வைக்கும் என்பது அந்த ஆய்வின் சாரம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 டிசம்பர் 11 அன்று, உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதைத் தலைகீழாக்கினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிறிய தொகையினர், 150 ஆண்டுகளில் 200 வழக்குகள்கூட இல்லை என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கை குறைந்தால் உரிமையும் குறையுமா என்று அன்றே பலர் கேட்டார்கள். அந்தரங்க உரிமை பற்றிய 2017ஆம் ஆண்டு ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு அந்த வாதத்தை உடைத்தது. 2018 தீர்ப்பு அதைப் புதைத்தது.

ஆனால் ‘200 வழக்குகள்கூட இல்லை’ என்ற அந்தத் தவறான தீர்ப்பின் வரிக்குள் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. 377 பயமுறுத்தியது, மிரட்டிப் பணம் பறிக்க உதவியது. நாள்தோறும் ஆளைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போன கருவி மட்டும் அதுவல்ல.

அந்தக் கருவியைக் கண்டு எழுதியவர்கள் இருவர் என்பேன். பொன்னி அரசு, இலங்கைத் தமிழரான பிரியா தங்கராஜா இருவரும் 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆட்கொணர்வு மனுக்களை. சட்டவிரோதக் காவலில் இருந்து மனிதரை மீட்கப் பிறந்த மனு அது. மகளைக் கடத்திவிட்டார்கள் என்று தகப்பன் அதைத் தாக்கல் செய்தால், தன் விருப்பப்படி வாழப் போன பெண்ணைப் போலீசே தேடிப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தும். விடுதலைக்கான மனு பிடிவாரண்ட் ஆகிவிடும். பெண்களுக்கிடையிலான உறவு 377இன் பிடியில் அவ்வளவாகச் சிக்காதது என்பதாலேயே, 377ஐச் சுற்றி எழுந்த பெரும் இலக்கியத்தில் பெண்கள் காணாமல் போனார்கள். அவர்களை அடக்கியது தண்டனைச் சட்டம் அல்ல, வீடு. இந்தக் கட்டுரைக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

*

இந்தியாவோடு நிற்கும் கதையும் அல்ல இது. தமிழர் வாழும் வேறு நாடுகளிலும் இதே காலனியச் சட்டத்தின் பிள்ளைகள் உண்டு. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் 365, 365அ. 1995இல் இலங்கை நாடாளுமன்றம் 365அ பிரிவைத் திருத்தியபோது ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்தார்கள். நவீனமாக்கியதன் பலன், அதுவரை தப்பியிருந்த பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள்! பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு 2022இல் இதை உரிமை மீறல் என்று சொன்னது. 2023 மே மாதம், பிரிவை நீக்கக் கோரும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று இலங்கை உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. சிங்கப்பூர் 2022 நவம்பரில் 377அ பிரிவை நீக்க வாக்களித்தது. அதே கையோடு, திருமணத்துக்கு நாடாளுமன்றம் தரும் விளக்கத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்திக்கொண்டது. குற்றம் போகட்டும், குடும்பத்தைத் தொடாதே என்பதை இவ்வளவு பச்சையாக எந்த நாடும் சட்டமாக்கியதில்லை. மலேசியாவில் பிரிவு அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் 377 செத்த விதமும் சரியில்லை. 2018 தீர்ப்பு சம்மதத்தோடு நிகழும் உறவை மட்டுமே விடுவித்தது, வன்முறைக்கு எதிராக அந்தப் பிரிவு உயிரோடு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த எண்ணுக்கு ஈடான பிரிவே இல்லை. சம்மதமில்லாத செயலைக் குற்றமாக வைத்திருங்கள் என்று நாடாளுமன்றக் குழு சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே வயதுவந்த ஓர் ஆண் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானால், அதற்கென்று புதிய சட்டத்தில் பிரிவு கிடையாது. காயம், தாக்குதல் என்று வேறு பிரிவுகளைத் தேட வேண்டும். திருநர்களுக்கு, 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு உண்டு. அதன் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள்வரை. பெண்ணுக்கு இழைத்தால் குறைந்தது பத்தாண்டு, திருநங்கைக்கு இழைத்தால் அதிகபட்சம் இரண்டாண்டு. உடலுக்கு இப்படி விலை வைத்த சட்டத்துக்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர்.

*

இந்த 2019 சட்டத்தின் பிறப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கலாம், அறுவை சிகிச்சை கேட்கக் கூடாது என்றது. (தமிழ்நாட்டில் அரவாணிகள் நல வாரியம் தொடங்கியது 2008இல், அதே ஏப்ரல் 15.) 2015 ஏப்ரலில் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை ஏற்றது. பல பத்தாண்டுகளாக ஒரு தனிநபர் மசோதாவுக்கு அந்த அவையில் கிடைக்காத வெற்றி அது. மக்களவையில் அது கரை சேரவில்லை. அரசு தன் பங்குக்கு 2016இல் கொண்டுவந்த மசோதா, திருநர் என்பவர் முழுப் பெண்ணும் அல்லர், முழு ஆணும் அல்லர் என்று விளக்கம் சொல்லி அவமானப்படுத்தியது. பிச்சை எடுக்க வைப்பதைக் குற்றமாக்கும் பிரிவும் அதில் இருந்தது. வேலை தராத ஊரில் ‘கடை கேட்டு’ப் பிழைக்கிறவர்களின் ஜமாத் என்ற சமூகக் குடும்பத்துப் பெரியவர்கள்மீதே அது பாயும் என்று திருநங்கைகள் போராடினார்கள். இறுதி வடிவத்தில் அந்த இரண்டும் போயின. 2019 ஆகஸ்டு 5 அன்று, காஷ்மீர் அமளிக்கு நடுவே, மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. நாட்டில் யாரும் கவனிக்கவில்லை.

நிறைவேறிய சட்டம் தீர்ப்பைப் பாதி வழியில் விட்டது. ‘திருநர்’ என்று சான்றிதழ் வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரிடம் மனுப் போட வேண்டும். ஆண் என்றோ பெண் என்றோ மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் மருத்துவச் சான்றோடு மறுபடியும் போக வேண்டும். தம்மைத் தாமே அடையாளம் காணும் உரிமைக்குக் கலெக்டர் அலுவலகத்தில் முத்திரை! இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. பேடு என்ற நிலையை உயர்திணைக்குள் வைத்து மதிக்கும் சொல்லதிகாரம், அவர்களுக்கென்று தனி வினைமுடிவு தரவில்லை. ஆண்பால் ஈறோ பெண்பால் ஈறோ வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நம் காலத்துச் சட்டமும் ஆளை ஒப்புக்கொண்டு, ஈற்றை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்கிறது. பேச்சுத் தமிழ் இவ்விரண்டையும்விடத் தாராளமானது, அது ‘அவர்’ என்று சொல்லிவிட்டுப் போகிறது.

அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. ‘குடும்பம்’ என்றால் இரத்தத்தால், திருமணத்தால், தத்தால் வந்த உறவு என்று அது வரையறுக்கிறது. பெற்ற வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பும் என்கிறது இன்னொரு பிரிவு. வீட்டைவிட்டு அடித்துத் துரத்தப்பட்ட பிள்ளையை மகளாக ஏற்று, நிர்வாணம் என்னும் அறுவைக்குப் பின் நாற்பது நாள் பத்தியம் பார்த்து, பால் ஊற்றிச் சடங்கு செய்து வைக்கும் ஜமாத் அம்மாவுக்கு அந்த வரையறையில் இடமில்லை. ஜமாத்துக்குள் சுரண்டல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏ.ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா இருவரின் தன்வரலாறுகளைப் படித்தவர்களுக்கு இரு பக்கமும் தெரியும். ஆனால் பிறந்த வீட்டில் சுரண்டல் இல்லை என்று சட்டம் எந்த நம்பிக்கையில் முடிவு செய்தது?

இட ஒதுக்கீட்டு விவாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது முடியவில்லை என்பதால். 2014 தீர்ப்பு திருநர்களைப் பிற்படுத்தப்பட்டோராகக் கருதச் சொன்னது. தமிழ்நாடு 2015இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. தலித் திருநங்கை தன் சாதிக்கான உரிமையை விட்டுவிட்டு இதை வாங்க வேண்டுமா என்பது கிரேஸ் பானு போன்றோர் எழுப்பிய கேள்வி. பெண்களுக்கு உள்ளதுபோல எல்லாச் சாதிப் பிரிவுகளுக்குள்ளும் ஊடாகச் செல்லும் கிடைமட்ட ஒதுக்கீடுதான் விடை. கர்நாடகம் 2021இல் ஒரு சதவீதம் தந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தமிழ்நாடும் தர வேண்டும் என்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாநிலத்தில் ‘பிறர்’ என்று பதிவானவர்கள் 22,364 பேர். இவ்வளவு சிறிய கணக்குக்கு இவ்வளவு பெரிய தயக்கம்.

*

மதுரைப் பெண்களின் வழக்குக்குத் திரும்புகிறேன். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் செய்தது நம் நீதிமன்றங்களில் அரிதானது. இந்த விஷயத்தில் தமக்கே தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் தாமே பாடம் கேட்டார். மனுதாரர்களுக்கு ‘கவுன்சலிங்’ தருவதுதான் வழக்கம். இங்கே நீதிபதி கவுன்சலிங் எடுத்துக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவு, வயதுவந்த தன்பாலீர்ப்பாளர்கள் விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் காணவில்லை புகாரைப் போலீஸ் முடித்துவிட வேண்டும் என்றது. ‘திருத்தும்’ சிகிச்சைகளுக்குத் தடை போட்டது. வழக்கை முடிக்காமல் திறந்தே வைத்து, துறை துறையாகக் கணக்குக் கேட்டது. 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில், இம்மக்களையும் அவர்களுக்கு உதவுவோரையும் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் ‘திருத்தும்’ சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. 2024இல் அதே ஆணையம் தடயவியல் மருத்துவப் பாடத்திட்டத்தில் பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றப் பட்டியலில் மறுபடி சேர்த்து, கண்டனம் கிளம்பியதும் எடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தீர்ப்பு மேசையிலிருந்து பாடப் புத்தகத்துக்குப் போகும் வழி அவ்வளவு வழுக்கல்.

அந்த வழக்கின் துணை விளைவு ஒன்று தமிழுக்கு நேரானது. மரியாதையான சொற்பட்டியல் வேண்டும் என்று நீதிமன்றம் கேட்க, 2022 ஆகஸ்டில் அரசிதழில் ஒரு சொல்லகராதி வெளியானது. பால்புதுமையர், ஊடுபால், திருநம்பி போன்ற சொற்கள் அரசு மொழிக்குள் வந்தன. இதைச் சிலர் சொல் விளையாட்டு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ‘ஓரினச்சேர்க்கை’ என்ற பழைய சொல்லைப் பாருங்கள். ‘சேர்க்கை’ என்பது செயல். 377இன் வாசகம் குறித்ததும் செயலையே. ‘தன்பாலீர்ப்பு’ என்னும்போது மனிதரும் மனமும் வருகின்றன. டெல்லியில் பதினேழு ஆண்டுகள் ஆங்கிலத்தில் வாதிட்டு நிலைநாட்டிய வேறுபாட்டைத் தமிழ் ஒரே சொல்லில் காட்டுகிறது. ஆனால் தமிழில் இத்துறைக்குச் சட்ட நூல் எத்தனை? விரல் விட்டு எண்ணவும் விரல் மிஞ்சும்.

குடும்பத்தின் வாசலில் சட்டம் நிற்கும் இடம் திருமணம். 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணும் திருநங்கையும் மணம் செய்துகொண்டார்கள், பதிவாளர் பதிய மறுத்தார். 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவார் என்றார். அதே தீர்ப்பில், ஊடுபால் குழந்தைகளுக்கு அவசியமின்றிப் பாலின அறுவை செய்வதை நிறுத்தவும் சொன்னார். அதை அரசாணையாக்கிய முதல் மாநிலம் தமிழ்நாடு. தன்பால் இணையர்களுக்கோ 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் கதவு மூடியது. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவரும் ஒன்றுபட்டார்கள், வேறு வகை இணைவுக்கு அங்கீகாரம் தரலாமா என்பதில் மூவருக்கு இருவர் என்று பிரிந்தார்கள். 2025 ஜனவரியில் மறுசீராய்வு மனுக்களும் தள்ளுபடி ஆயின. சிறப்புத் திருமணச் சட்டம் திறந்திருந்தாலும் முப்பது நாள் அறிவிப்பை ஒட்டி வைத்து, ஆட்சேபம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். ஓடிவந்த இணையருக்கு அந்த முப்பது நாள் அறிவிப்பு, தகப்பனுக்கு எழுதும் முகவரிக் கடிதம்.

இங்கே தமிழ்நாட்டு வரலாறு ஒன்று உதவும். முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது 1928இல். 1950களில் உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சட்டத்தின் கண்ணில் குடும்பமே அல்ல. 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைக் கொண்டுவந்து, பின்னால் நடந்தவற்றை மட்டுமல்ல, முன்னர் நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. மக்கள் வாழ்ந்து காட்டினார்கள், சட்டம் நாற்பது ஆண்டுகள் கழித்து வந்து கையெழுத்திட்டது. 2023 நவம்பரில், உச்ச நீதிமன்றக் கதவு மூடிய ஒரே மாதத்தில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ‘குடும்ப இணைவு ஒப்பந்தம்’ ஒன்றைத் தமிழ்நாடு அரசு பரிசீலிக்கலாம் என்று சொன்னதை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். ஆனால் 2025 ஜூலையில் அரசு வெளியிட்ட மாநிலக் கொள்கை திருநருக்கானது. மதுரைப் பெண்கள் இருவருக்கும் அது பொருந்தாது.

2025 மே மாதம் இன்னொரு வழக்கு. இளம்பெண் ஒருவரை வீட்டார் அடைத்து வைத்து, அடித்து, ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்தார்கள். உள்ளூர்ப் போலீஸ் அவரைப் பெற்றோரிடமே ஒப்படைத்திருந்தது. இந்த முறை ஆட்கொணர்வு மனுவைப் போட்டவர் அவருடைய துணைவி. நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், எல்லாப் பெற்றோரும், மகனின் பாலியல்பை ஏற்றுக்கொண்ட நீதிபதி லீலா சேத்தைப் போல இருப்பதில்லை என்று வருந்தி, திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள். தகப்பன் கையிலிருந்த மனு துணைவியின் கைக்கு மாறிவிட்டது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன் பொன்னி அரசும் பிரியா தங்கராஜாவும் எழுதிய கட்டுரைக்கு இதைவிட நல்ல பின்குறிப்பு இருக்க முடியாது.

இதைப் படிக்கும் வழக்கறிஞர்களுக்கும் காவல் நிலைய எழுத்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வயதுவந்த ஒரு பெண்ணைக் ‘காணவில்லை’ என்று தகப்பன் வந்து நிற்கும்போது, உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 11 அன்று ஒரு கேரள வழக்கில் வகுத்த வழிகாட்டு நெறிகளை ஒருமுறை படியுங்கள். மீட்டு வந்தவரிடம் தனியே பேச வேண்டும், பெற்ற குடும்பத்தின் அழுத்தம் அவர்மீது விழக் கூடாது, ஈர்ப்பை மாற்றும் நோக்கத்தோடு கவுன்சலிங்குக்கு அனுப்பக் கூடாது, அவர் விரும்பும் பெயரால் அழைக்க வேண்டும் என்கின்றன அவை. உட்கார வசதியான இருக்கையும், குடிக்கத் தண்ணீரும், கழிப்பறைக்குப் போக வழியும் தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது.